பாட்டு இருக்கிறது, கூடப் பாட ஆளில்லை

வாசகர் கடிதம்:

மேடம், எனக்கு 54 வயது. டெல்லி மயூர் விஹாரில் இருக்கிறோம். சொந்த ஊர் கும்பகோணம் பக்கம். கல்யாணமாகி இங்கே வந்து முப்பது வருடம் ஆகப்போகிறது. மாமியாருக்கு 81. இரண்டு வருடத்துக்கு முன்பு பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. எல்லாம் படுக்கையில்தான். கணவருக்கு குர்காவ்னில் வேலை. காலையில் போனால் இரவு ஒன்பதுக்குத்தான் வருவார். பையன் கனடாவில். பகலுக்கு வைத்த ஆட்கள் மாறி மாறிப் போய்விட்டார்கள், இப்போது யாரும் இல்லை.

முன்பு வாராவாரம் திருப்புகழ் வகுப்புக்குப் போவேன். ஒவ்வொரு வாரமும் ஒருத்தர் வீட்டில் நடக்கும். ஜால்ரா நான்தான் போடுவேன். இப்போது போக முடிவதில்லை. அவர்கள் பாடும் வீடியோ வாட்ஸ்அப் குழுவில் வரும்போது அழுகை வருகிறது. ஜால்ராவை வேறொருத்தர் போடுகிறார். போனில் பாட்டைப் போட்டுக்கொண்டு வேலை செய்தாலும் மனசு ஒட்டவில்லை. குழுவை விட்டே வெளியே வந்துவிடலாமா? டயப்பர் மாற்றிய கையோடு சாமி பாட்டுப் பாடுவது சரியா என்றும் உறுத்துகிறது. சென்னையிலிருக்கும் நாத்தனார், 'அம்மா இப்படிக் கிடக்கும்போது உனக்குப் பாட்டு வேறயா' என்கிறார். எதிர் வீட்டுப் பஞ்சாபி அம்மா கீர்த்தனுக்குக் கூப்பிட்டார், இந்திப் பாட்டு என்பதால் போகவில்லை. சில ராத்திரி, விடியாமலே இருந்தால் நன்றாயிருக்கும் என்று தோன்றுகிறது. முருகன் என்று ஒருவன் இருந்தால் இதையெல்லாம் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பானா? ஒன்று சொல்ல விட்டுப்போனது. நான் பழைய பாட்டை முணுமுணுத்தால் மாமியாரின் உதடு அசைகிற மாதிரி இருக்கிறது. என் பிரமையோ என்னவோ.

– பெயர் வேண்டாம்

சகோதரிக்கு,

பாட்டைப் பற்றிப் பேசுவதற்கு முன் வேறொன்றைப் பேசிவிடுவோம். "விடியாமலே இருந்தால் நன்றாயிருக்கும்" என்று ஒரு வரி எழுதிவிட்டு, அதைத் தாண்டி அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டீர்கள். நான் தாண்டப் போவதில்லை. வருடக்கணக்கில் படுக்கை நோயாளியைப் பார்த்துக்கொள்கிறவர்கள் பலர் இதைச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். உடம்பு ஓய்வுக்குக் கெஞ்சுவதுதான் பல நேரம் அப்படி வெளிவருகிறது. சில நேரம் அது மனச்சோர்வு நோயாகவும் இருக்கும். உங்களுக்கு எது என்று கடிதத்தை வைத்துக்கொண்டு சொல்ல முடியாது.

அதனால் இன்றைக்கே கணவரிடம் அந்த வரியை அப்படியே சொல்லுங்கள். 'அலுப்பா இருக்கு' என்று மாற்றிச் சொல்ல வேண்டாம். இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் நாட்டமில்லாமல், தூக்கமும் பசியும் கெட்டுப்போயிருந்தால் மனநல மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். உங்கள் பக்கத்துக்கு தில்ஷாத் கார்டனில் இருக்கும் இஹ்பாஸ் அரசு மருத்துவமனை தூரமில்லை. வீட்டை விட்டு நகர முடியாத நாளில் 14416 என்ற எண்ணைக் கூப்பிடுங்கள். மத்திய அரசு 2022இல் தொடங்கிய டெலி மானஸ் சேவை அது. கட்டணம் கிடையாது, நடு ராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். நினைப்பு நினைப்போடு நிற்காமல் 'எப்படி' என்று யோசிக்கும் அளவுக்குப் போனால், கணவர் வீட்டில் இருக்கும் நேரம் வரை காத்திருக்காதீர்கள், அந்த நிமிடமே கூப்பிடுங்கள். அப்படியே ஒரு ரத்தப் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். தைராய்டு, ஹீமோகுளோபின், பி12 மூன்றும் பார்க்கச் சொல்லுங்கள். உங்கள் வயதில் பாதிச் சோர்வு அங்கேயே ஒளிந்திருப்பதுண்டு.

பாட்டே மருந்து, பாடினால் எல்லாம் சரியாகிவிடும் என்று எழுதுகிறவர்கள் நிறைய. நான் அந்தக் கட்சி இல்லை. சரி, இப்போது பாட்டுக்கு வருவோம்.

உங்களுக்குப் பாட்டுக்குப் பஞ்சமில்லை. போனைத் தொட்டால் நாள் முழுக்க ஓடும். அப்படியும் மனசு ஒட்டவில்லை என்கிறீர்களே, அதற்கு பக்தி குறைந்துவிட்டது காரணமில்லை. நீங்கள் இழந்தது ஜமக்காளத்தில் உங்களுக்கென்று இருந்த இடத்தை. ஜால்ரா கையில் இருந்தால் பத்துப் பேரின் பாட்டு உங்கள் கைத்தட்டில்தான் நடக்கும். நீங்கள் கொஞ்சம் இழுத்தால் எல்லோரும் இழுப்பார்கள். ஒரு வாரம் போகாவிட்டால் 'ஏன் வரலை' என்று போன் வரும். யூடியூப் பாட்டுக்கு நீங்கள் கேட்கிறீர்களா இல்லையா என்றே தெரியாது. வீடியோவில் ஜால்ரா இன்னொருவர் கையில் இருப்பதைப் பார்த்து அழுதீர்களே, அது நியாயமான அழுகை. பொறாமை என்று நினைத்துக் கூசவேண்டாம்.

சேர்ந்து பாடுவது மனிதர்களுக்குள் என்ன செய்கிறது என்று ஆராய்ந்தவர்கள் இருக்கிறார்கள். 2013இல் ஸ்வீடனின் கோத்தன்பர்க் பல்கலைக்கழகத்தில், சேர்ந்து பாடுகிறவர்களின் இதயத் துடிப்பைப் பதிவு செய்து பார்த்தார்கள். வரி முடியும் இடத்தில் எல்லோரும் ஒன்றாக மூச்சு விடுவதால் துடிப்பும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கியது. 2015இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள், புதிதாகப் பாட்டு வகுப்பில் சேர்ந்தவர்களையும் கைவேலை, எழுத்து வகுப்புகளில் சேர்ந்தவர்களையும் ஏழு மாதம் கவனித்தார்கள். கடைசியில் எல்லா வகுப்பிலும் ஏறக்குறைய ஒரே அளவு நெருக்கம்தான். ஆனால் பாட்டு வகுப்பில் அது சீக்கிரமே வந்துவிட்டது. முன்பின் தெரியாதவர்கள் ஒரே மாதத்தில் 'நம்மவர்' ஆகிவிடுகிறார்கள். இதற்கு ஆக்ஸ்ஃபோர்டு வரை போகவேண்டாம், டெல்லித் தமிழர்களைக் கேட்டாலே தெரியும். வேலைக்காக வந்து கரோல் பாக்கிலும் அரசு குவார்ட்டர்ஸ்களிலும் குடியேறியவர்களுக்கு இங்கே சித்தப்பா, அத்தை யாரும் கிடையாது. யாரோ ஒருவர் வீட்டுக் கூடத்தில் பஜனைக்குப் போய்த்தான் உறவு சம்பாதித்தார்கள். இன்று ஊர் ஊராகப் பரவியிருக்கும் திருப்புகழ் வகுப்பும் அப்படி வந்ததுதான். டெல்லியில் இருந்த ஏ.எஸ். ராகவன் அவர்கள் பாடல்களுக்கு ராகம் அமைத்துக் காசு வாங்காமல் சொல்லிக்கொடுத்தார், வீடு வீடாக வளர்ந்தது. அதனால் உங்கள் வீட்டுக்கு அது வருவதில் புதுமை ஒன்றுமில்லை. அதற்கு அப்புறம் வருகிறேன்.

முதலில் மாமியாரின் உதடு. உங்கள் கடிதத்தில் எனக்கு மிக முக்கியமாகப் பட்டது, விட்டுப்போனது என்று கடைசியில் சேர்த்தீர்களே, அந்த விஷயம்தான். அது பிரமையாக இருக்க வேண்டியதில்லை. வலது பக்கம் விழுந்து பேச்சும் போனது என்றால், பாதிப்பு மூளையின் இடது பாதியில். பேச்சை நடத்துவது பெரும்பாலும் அந்தப் பாதிதான். பழகிய பாட்டுக்கு வலது பாதியின் துணையும் உண்டு. 'தண்ணி' என்று ஒரு சொல் வராதவர், சின்ன வயதில் பாடிய பாட்டை வார்த்தையோடு பாடுவதை பேச்சுப் பயிற்சியாளர்கள் நிறையப் பார்த்திருக்கிறார்கள். 1970களின் தொடக்கத்தில் பாஸ்டனில் இதை வைத்தே ஒரு சிகிச்சை முறையை உருவாக்கினார்கள். சின்னச் சின்ன வாக்கியங்களை ராகம்போல இழுத்துச் சொல்ல வைப்பார்கள், கூடவே நோயாளியின் இடது கையால் தாளம் தட்ட வைப்பார்கள்.

உங்கள் மாமியாரின் இடது கை நன்றாகத்தானே இருக்கிறது? அதை உங்கள் கைக்குள் வைத்து மெத்தையில் மெதுவாகத் தட்டிக்கொண்டே பாடுங்கள். டிவியை அணைத்துவிட்டு, அவர் உங்கள் முகத்தைப் பார்க்கிற மாதிரி உட்கார வேண்டும். பதிவைப் போட்டு அதோடு சேர்ந்து பாட வேண்டாம். அந்தப் பாடகியின் சுருதி உங்களுக்கும் எட்டாது, அவருக்கும் எட்டாது. ஐந்து கட்டையில் பாடிப் பழகியிருந்தால் நாலரைக்கு இறங்கிவிடுங்கள். ஒரே பாட்டு, அதிலும் இரண்டு வரி, தினமும். வரியின் கடைசிச் சொல்லுக்கு முன்னால் நிறுத்திவிட்டு அவருக்கு நேரம் கொடுங்கள். வந்தால் வரட்டும். வராவிட்டால் நீங்களே முடித்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுங்கள், பரீட்சை வைக்கிற மாதிரி ஆக்கிவிடாதீர்கள். இரண்டு வருடம் கழித்து இதனால் பேச்சு திரும்பிவிடும் என்று நான் சொல்லவில்லை. அவரைப் பார்க்கும் நரம்பியல் மருத்துவரிடம் உதடு அசைவதைச் சொல்லி, பேச்சுப் பயிற்சியாளர் ஒருவரை வீட்டுக்கு வரவழைக்க முடியுமா என்று கேளுங்கள். அது எப்படிப் போனாலும், இரண்டு வருடமாக உங்கள் வீட்டில் ஒரு குரல்தான் இருந்தது. இப்போது ஒன்றரை.

எந்தப் பாட்டு என்பதில்தான் நாத்தனார் உதவப் போகிறார். ஆச்சரியப்படாதீர்கள். பத்து வயதிலிருந்து இருபத்தைந்து வயதுக்குள் மனசில் ஏறிய பாட்டுகள்தான் கடைசிவரை நிற்கும். உங்கள் மாமியார் அந்த வயதில் என்ன பாடினார் என்பது உங்களைவிட மகளுக்குத்தான் தெரியும். தாலாட்டா, நலங்கா, கோலாட்டப் பாட்டா? அடுத்த முறை அவர் 'பாட்டு வேறயா' என்று ஆரம்பிக்கும்போது சண்டை வேண்டாம். உதடு அசைவதை ஒரு நிமிடம் வீடியோ எடுத்து அனுப்பிவிட்டு, "அக்கா, அம்மா உங்களைத் தூங்கவைக்க என்ன பாடுவாங்க? போன்ல கொஞ்சம் பாடுங்களேன், ஸ்பீக்கர்ல போடறேன்" என்று கேளுங்கள். தொலைவில் இருக்கும் மகள்கள் கடுமையாகப் பேசுவதற்குப் பின்னால் பெரும்பாலும் குற்ற உணர்ச்சி இருக்கும். செய்வதற்கு ஒரு வேலை கொடுத்தால் குரல் இறங்கிவிடும். இறங்காத நாத்தனார்களும் உண்டு. அப்போது ஸ்பீக்கரை அணைத்துவிடலாம்.

டயப்பர் மாற்றிய கை. சோப்புப் போட்டுக் கழுவினால் கை சுத்தம், அதற்குமேல் என்ன இருக்கிறது என்பது என் கருத்து. ஆனால் மடி ஆசாரத்தோடு வளர்ந்த உங்களுக்கு என் கருத்து போதாது, தெரியும். அருணகிரிநாதரையே சாட்சிக்குக் கூப்பிடுகிறேன். வேண்டியவர் யாராவது உடம்பு முடியாமல் விழுந்துவிட்டால் பாடுகிற திருத்தணித் திருப்புகழ் உங்களுக்குத் தெரிந்திருக்கும். இருமலில் ஆரம்பித்து, வாதம், நீரிழிவு என்று வியாதிகளின் பெயரை அடுக்கிக்கொண்டே போவார். மூக்கைப் பிடித்துக்கொண்டு எழுதிய பாட்டு இல்லை அது. மலமும் சளியும் நாறும் உடம்பைப் பற்றி அவர் அளவுக்குப் பட்டவர்த்தனமாகப் பாடியவர்கள் குறைவு. அந்தப் பாட்டை நோயாளியின் கட்டிலுக்குப் பக்கத்தில் பாடக்கூடாது என்றால் வேறு எங்கே பாடுவது?

முருகன் சும்மா இருப்பானா என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்குப் பதில் சொல்லும் தகுதி எனக்கு இல்லை, நான் மனநல ஆலோசகர்தான். ஆனால் கோபம் வந்ததாலேயே நம்பிக்கை போய்விட்டது என்று முடிவு கட்டாதீர்கள். பார்வை போன சுந்தரர் திருவாரூரில் போய் நின்று, 'நீர் மட்டும் நல்லா இரும்' என்ற தொனியில் சிவனைக் குத்திக் காட்டிப் பாடினார். அந்தப் பதிகத்தைத் தேவாரத்திலிருந்து யாரும் நீக்கவில்லை, இன்றைக்கும் ஓதுவார்கள் பாடுகிறார்கள். உங்களுக்குப் பாட வரவில்லை, திட்டத்தான் வருகிறது என்றால் படத்தின் முன்னால் நின்று திட்டுங்கள். மனசுக்குள் போட்டு அமுக்குவதைவிட அது நல்லது. சில நாள் அதுவும் வராது, வெறுமையாக இருக்கும். அன்றைக்குப் பாட வேண்டாம், படுத்துத் தூங்குங்கள்.

இனி குழு. வெளியே வராதீர்கள். வீடியோ வரும்போது வலித்தால் சத்தத்தை மட்டும் நிறுத்தி வையுங்கள். அவர்கள் ஏன் உங்களைத் தேடி வரவில்லை என்று யோசித்தீர்களா? உங்களுக்குத் தொந்தரவாக இருக்கும், நோயாளி தூங்குவார், போய் நின்றால் காபி போட எழுந்துவிடுவீர்கள் என்று அவர்கள் ஒதுங்கியிருப்பார்கள். அவர்கள் கூப்பிடவில்லையே என்று நீங்கள் ஒதுங்கியிருக்கிறீர்கள். இதை உடைக்க நீங்கள்தான் வாயைத் திறக்க வேண்டும். நியாயமில்லைதான், வேறு வழியும் இல்லை. குழுவில் இப்படி ஒரு செய்தி போடுங்கள்:

"எல்லாருக்கும் நமஸ்காரம். என்னால் வகுப்புக்கு வர முடியவில்லை, ரொம்ப ஏக்கமாக இருக்கிறது. மாதத்தில் ஒரு நாள் மூன்று நான்கு பேர் மட்டும் எங்கள் வீட்டுக்கு வந்து முக்கால் மணி நேரம் பாட முடியுமா? மாமியாருக்கும் கேட்க ஆசை. பிரசாதம் கல்கண்டு மட்டும்தான். சளி, இருமல் இருப்பவர்கள் அடுத்த மாதம் வாருங்கள்."

கல்கண்டு என்பதை எடுத்துவிடாதீர்கள். நம் பெண்கள் வீட்டு பஜனையைக் கெடுத்தது சுண்டலும் கேசரியும்தான். போன வாரம் அந்த வீட்டில் மூன்று அயிட்டம் என்று தெரிந்தால் இந்த வாரம் நாலாவது வைக்காமல் நமக்குத் தூக்கம் வராது. யாராவது டப்பாவில் கொண்டுவந்தால் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், ராத்திரிச் சமையல் மிச்சம். சளி, இருமல் பற்றிச் சொன்னதும் சும்மா இல்லை. டெல்லிக் குளிரில் படுத்தே இருப்பவருக்கு நெஞ்சில் சளி கட்டினால் நிமோனியாவில் கொண்டுபோய் விட்டுவிடும். நேரத்தை, அவருக்குச் சாப்பாடு கொடுத்து முடித்ததற்கும் அடுத்த முறை புரட்டிப் போடுவதற்கும் நடுவில் வைத்துக்கொள்ளுங்கள். முதல் மாதம் ஒரே ஒருத்தர்தான் வருவார் என்றால் அதுவும் சரிதான். ஜால்ரா உங்கள் கையில் இருக்கட்டும்.

மற்ற வாரங்களில் வகுப்பு நடக்கும்போது வீடியோ காலில் சேரலாம். ஆனால் எல்லோரும் ஒன்றாகப் பாடுகிற பாட்டு போனில் நடக்காது. ஒரு நொடியில் நூறில் மூன்று பங்கு தாமதம் வந்தாலே தாளம் இடறும். வீடியோ காலில் அதைப்போலப் பல மடங்கு தாமதம். உங்களுக்குத் தாளம் தப்பிவிட்டது என்று நினைத்து மனசு உடைய வேண்டாம், நெட்வொர்க்கின் வேலை அது. அவர்கள் பாடும்போது உங்கள் மைக்கை மூடிவிட்டு, வீட்டில் வாய்விட்டுப் பாடுங்கள். ஒருவர் ஒரு வரி சொல்ல மற்றவர்கள் திருப்பிச் சொல்கிற நாமாவளிக்கு இந்தத் தாமதம் அவ்வளவு உறுத்தாது. அதில் ஒன்றை நீங்கள் எடுத்துக்கொடுப்பது என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். கேட்பதற்காக மட்டும் சேர்ந்தால் மறுபடியும் யூடியூப் பார்க்கிற கதைதான்.

எதிர் வீட்டு அம்மா கூப்பிட்ட கீர்த்தனுக்குப் போகலாம் என்றே நினைக்கிறேன். டோலக்கும் மஞ்சீராவுமாக மத்தியானத்தில் நடக்கும். மஞ்சீரா என்பது உங்கள் ஜால்ராவேதான். வார்த்தை புரியாவிட்டாலும் கை புரிந்துகொள்ளும். இன்னொரு லாபமும் இருக்கிறது. பத்தடி தூரத்தில் இருக்கும் ஒரு மனுஷி, அவசரத்துக்கு அரை மணி நேரம் மாமியார் பக்கத்தில் உட்காருவார். உங்கள் வகுப்புத் தோழிகள் வந்து சேர்வதற்குள் எத்தனையோ நடந்துவிடும். நடந்தே போய்விடுகிற தூரத்தில் ஒரு பாட்டும் நாலு மனிதர்களும் இருக்கும்போது, மொழியைக் காரணம் காட்டி விட்டுவிட வேண்டாம்.

இதற்கெல்லாம் நேரம் எங்கே என்பீர்கள். கணவரிடம்தான் வாங்க வேண்டும். அவர் கெட்டவர் என்று நீங்கள் எழுதவில்லை, நானும் சொல்லவில்லை. ஆனால் படுத்திருப்பது அவருடைய அம்மா. ஞாயிற்றுக்கிழமை காலை நான்கு மணி நேரம் அவர் பொறுப்பு. நீங்கள் மெட்ரோவில் பிங்க் லைன் ஏறினால் சரோஜினி நகர் வரை மாறாமல் போகலாம். பிள்ளையார் கோயிலில் உட்காருங்கள், இல்லையென்றால் மோதி பாக் வரை போய் அங்கிருந்து ஆட்டோவில் மலை மந்திர் முருகன் கோயிலுக்குப் போங்கள். கோயில் வேண்டாம் என்று தோன்றினால் கடைத்தெருவில் சுற்றிவிட்டு வாருங்கள். பகலுக்கு மறுபடியும் ஆள் தேடும் வேலையையும் அவரிடமே கொடுங்கள், ஏஜென்சியோடு பேசுவதும் சம்பளம் பேசுவதும் அவர் பாடு. அம்மாவுக்கு டயப்பர் மாற்ற அவருக்குத் தெரியாது, கூச்சப்படுகிறார் என்றால் இந்த வாரமே சொல்லிக்கொடுங்கள். முதல் ஓரிரண்டு ஞாயிறு பக்கத்தில் நின்று பாருங்கள். அப்புறம் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுங்கள், வழியில் போன் செய்து 'மாத்தியாச்சா' என்று கேட்கக்கூடாது.